காக்காவும் காகமும்: இயந்திரம் படிக்கும் தமிழ் பற்றிச் சில அவதானங்கள்

நமது சஞ்சிகைகளில் திறனாய்வு என்றால் ஒரு கவிதைத் தொகுதிக்கோ சிறுகதைத் தொகுதிக்கோ எழுதப்படும் மதிப்புரை என்றே பெரும்பாலும் விளங்கிக்கொள்ளப்படுகிறது. நானும் இதுவரை அப்படித்தான் எழுதி வந்திருக்கிறேன். இம்முறை நான் கையில் எடுத்திருப்பவை இரண்டு ஆய்வுக் கட்டுரைகள். இரண்டும் கணினி விஞ்ஞானத் துறையைச் சேர்ந்தவை, ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. இலக்கியச் சஞ்சிகையில் இவற்றுக்கு என்ன இடம் என்று வாசகர் கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்கான பதில்தான் இக்கட்டுரை.

ஒரு சிறிய சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன். காலமான என் எழுத்தாள நண்பர் ஒருவரின் கதைகளை ஆங்கிலத்தில் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய மகனின் விருப்பம். நல்ல மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும் வசதி அவருக்கில்லை. ஒரு கதையைக் கணினியிற் போட்டு மொழிபெயர்த்தெடுத்து, "சாச்சா, ஒருக்கா பாத்துத் தாங்க" என்று என்னிடம் கொண்டுவந்து தந்தார். கதையின் நாயகன் குடும்பத்தின் மூத்த மகன். கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வழக்கப்படி தம்பிமார் அவனைக் காக்கா என்றே அழைக்கிறார்கள். இயந்திரம் அதனைக் காகம் என்று பெயர்த்திருந்தது. காகம் கடைக்குப் போனது. காகம் உம்மாவிடம் சம்பளப் பணத்தைக் கொடுத்தது. நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நாலாம் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பக்கத்தில்தான் காக்கா மௌத்தாகிறார். ஒரு குடும்பம் காகத்தின் மையித்தைச் சுற்றியிருந்து அழுதுகொண்டிருந்தது.

"வெளிநாட்டுக்காரன் இத வாசிச்சா வாப்பா ஏதோ மாயாஜாலக் கதை எழுதியிருக்காரு எண்டுதானே நினைப்பான்?" என்றார் மகன். அந்த ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இருக்கவில்லை. எனக்கு மிகவும் அச்சமூட்டியது அதுதான். பிழை கண்ணுக்குத் தெரிந்தால் திருத்தலாம். பிழை நல்ல உடை உடுத்திக்கொண்டு வந்தால் யார் தடுத்து நிறுத்துவது?

இந்தக் கேள்வியுடன்தான் நான் ஆய்வுகளைத் தேடிப் போனேன்.

*

முதலாவது கட்டுரை ஜூலியா குரூட்சர், ஐசாக் காஸ்வெல் ஆகியோருடன் பல நாடுகளைச் சேர்ந்த ஏராளமான ஆய்வாளர்கள் கூட்டாக எழுதியது. நமது நாட்டின் நிசன்ச டி சில்வாவும் அவர்களுள் ஒருவர். 2021இல் வெளியாகி, 2022இல் கணினி மொழியியலுக்கான முக்கிய ஆய்விதழ் ஒன்றில் பிரசுரமானது. அதன் தலைப்பைத் தமிழில் 'ஒரு பார்வையில் தரம்' என்று சொல்லலாம்.

மொழிபெயர்க்கும் இயந்திரத்துக்கு இலக்கணம் யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. கோடிக்கணக்கான வாக்கியங்களை அதற்கு ஊட்டுகிறார்கள். அவை இணையத்திலிருந்து வாரி அள்ளப்படுபவை. ஒரு மொழியில் உள்ள வாக்கியத்தையும் மற்ற மொழியில் உள்ள வாக்கியத்தையும் எண்களின் வரிசைகளாக மாற்றி, ஒன்றுக்கொன்று கிட்டவாக விழுகின்றவற்றைச் சோடி என்று இயந்திரமே தீர்மானித்துக்கொள்கிறது. இவ்வாறு திரட்டிய பெருந்தொகுதிகளை உலகமெங்கும் ஆய்வாளர்கள் பாவிக்கிறார்கள். அவற்றைத் திறந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு.

குரூட்சர் குழுவினர் திறந்து பார்த்தார்கள். பெயர்பெற்ற 5 பெருந்தொகுதிகளிலிருந்து 205 மொழித் தொகுதிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய மாதிரியை மனிதக் கண்களால் வாசித்தார்கள். சரியான வாக்கியமா, பிழையான மொழிபெயர்ப்பா, வேறு மொழியா, மொழியே அல்லாத குப்பையா என்று வரிக்கு வரி அடையாளமிட்டார்கள். குறைந்தது 15 தொகுதிகளில் பாவிக்கத்தக்க எழுத்து எதுவுமே இல்லை. கணிசமானவற்றில் பாதி வாக்கியங்கள்கூடத் தேறவில்லை. ஒரு மொழியின் பெயரைச் சுமந்துகொண்டு வேறொரு மொழி உள்ளே இருந்தது. வளம் குறைந்த மொழிகளுக்கே இந்த நிலைமை மிக மோசம். தமிழ் இப்பட்டியலின் அடியில் இருக்கும் மொழியல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என்னை மிகவும் கவர்ந்தது அவர்கள் சொல்லும் இன்னொரு விடயம். அந்த மொழியைச் சரளமாக அறியாத ஒருவர்கூடச் சிறிது நேரம் வாசித்தால் இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்துவிட முடியும். அப்படியானால் இத்தனை காலமும் இது ஏன் தெரியாமற் போனது? விடை எளிது. யாரும் வாசிக்கவில்லை. இலக்கிய உலகில் வாசிக்காமல் மதிப்புரை எழுதுபவர்களை நாம் அறிவோம். வாசிக்காமல் ஒரு தொழில்நுட்பத்தையே கட்டியெழுப்பியவர்களை இக்கட்டுரை நமக்கு அறிமுகப்படுத்துகிறது.

*

இரண்டாவது கட்டுரை நமது மண்ணுடன் நேரடியாகத் தொடர்புடையது. சுரங்கிகா ரணதுங்கவும் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஆய்வாளர்களும் 2024இல் வெளியிட்டது. ஆங்கிலம் - சிங்களம், ஆங்கிலம் - தமிழ், சிங்களம் - தமிழ் என மூன்று மொழிச் சோடிகளுக்கான இணையத் தொகுதிகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். முதலாவது ஆய்வு ஒரு தொகுதியை முழுமையாக எடுத்து மதிப்பிட்டது. இவர்கள் ஒரு படி மேலே சென்று, ஒவ்வொரு தொகுதியையும் தரவரிசைப்படுத்தி, அதன் வெவ்வேறு பகுதிகளைத் தனித்தனியே சோதித்தார்கள். ஒரே தொகுதியின் ஒரு பகுதி மிக நன்றாகவும் இன்னொரு பகுதி மிக மோசமாகவும் இருந்தது. சில தொகுதிகளில், மிக உயர்ந்த தரத்தில் உள்ள 25,000 வாக்கியச் சோடிகளை மாத்திரம் கொண்டு பயிற்றிய இயந்திரம், மனிதர் கவனமாகத் தொகுத்த தரவில் பயிற்றிய இயந்திரத்துக்கு நிகராகச் செயற்பட்டது.

கொஞ்சமாக இருந்தாலும் நல்லதாக இருக்கட்டும் என்று நமது உம்மாமார் சோறு பரிமாறும்போது சொல்வதைத்தான் இவர்கள் அட்டவணை போட்டு நிறுவியிருக்கிறார்கள். நான் இதை ஏளனமாகச் சொல்லவில்லை. பெரிது பெரிதாகத் திரட்டுவதே முன்னேற்றம் என்று நம்பப்பட்ட ஒரு துறையில், சிறிதாகத் தெரிந்தெடுப்பதன் பெறுமதியை எடுத்துக்காட்டுவதற்குத் துணிவு வேண்டும். அதுவும் சிங்களத்தையும் தமிழையும் ஆங்கிலத்தின் வழியாகவன்றி நேருக்கு நேர் வைத்துப் பார்த்திருப்பது, இந்நாட்டில் வாழும் எவருக்கும் மகிழ்ச்சி தர வேண்டிய விடயம்.

ஆயினும் பாராட்டுடன் நிறுத்திக்கொள்வது திறனாய்வல்ல. எனக்கு மூன்று கேள்விகள் இருக்கின்றன.

*

முதலாவது கேள்வி: இயந்திரம் படிப்பது யாருடைய தமிழை?

இலங்கையில் நீண்ட காலமாக நாம் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்தோம். இன்றும் பல அச்சகங்களில் அதுவே புழக்கத்தில் உள்ளது. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் திரையில் தமிழ் தெரியும். ஆனால், கணினியின் வயிற்றுக்குள் இருப்பது ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துருவை எடுத்துவிட்டால் எஞ்சுவது அர்த்தமற்ற எழுத்துக்கூட்டம். இணையத்தை வாரி அள்ளும் இயந்திரம் இதைக் காணும்போது மொழியல்ல என்று ஒதுக்கிவிடும். குரூட்சர் குழுவினரின் அடையாளமிடலிலும் அது 'மொழியல்லாதது' என்ற பெட்டிக்குள்தான் விழும். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தினர் நமது நூல்களையும் சஞ்சிகைகளையும் அழிவிலிருந்து காப்பாற்றி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அது பெரும்பணி. ஆனால், அவற்றுட் பெரும்பாலானவை பக்கங்களின் படங்கள். மனிதர் வாசிக்கலாம், இயந்திரத்துக்கு அவை எழுத்தல்ல.

எனவே, என் நண்பரின் கதையில் வரும் காக்கா ஏன் காகமானார் என்பது இப்போது விளங்குகிறது. நாங்கள் எழுதவில்லை என்பதல்ல காரணம். நாங்கள் எழுதியது அந்தக் குவியலுக்குள் போய்ச் சேரவில்லை. இயந்திரம் படித்தது பெருமளவு தமிழகத்தின் தமிழை. அதுவும் தமிழ்தான், அதன்மீது எனக்குக் காழ்ப்பில்லை. ஆனால், கதைப்பதும் பேசுவதும் ஒன்று என்று அறியாத, ராத்தாவையும் சாச்சாவையும் கண்டிராத ஒன்று, தமிழ் முழுவதற்கும் பிரதிநிதியாக வந்து நிற்கிறது. ஆய்வுகள் இரண்டும் 'தமிழ்' என்று ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் இடுகின்றன. பெட்டிக்குள் எந்தத் தமிழ் இல்லை என்பதை ஒரு மாதிரியை வாசித்துக் கண்டுபிடிக்க முடியாது. இருப்பதின் தரத்தை அளக்கலாம். இல்லாததை அளப்பதற்கு அவர்களிடம் கோல் இல்லை.

*

இரண்டாவது கேள்வி: 'மனிதர் தொகுத்த நல்ல தரவு' என்பது எவ்வளவு நல்லது?

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தினர் அரசாங்க ஆவணங்களைச் சிங்களத்துக்கும் தமிழுக்குமிடையில் மொழிபெயர்க்கும் 'சி-டா' என்ற முறைமையை உருவாக்கி, 2018இல் அதுபற்றி எழுதியிருந்தார்கள். மிக அவசியமான முயற்சி. 1956இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழியாயிற்று. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழும் அரச கரும மொழியாதல் வேண்டும் என்றது. சட்டத்தில் வந்தது கச்சேரிக்கு வந்து சேரவில்லை என்பதை நாம் ஒவ்வொருவரும் அறிவோம். மொழிபெயர்ப்பாளர் இல்லை என்ற பதில் பல தசாப்தங்களாகச் சொல்லப்படுகிறது. இயந்திரம் அந்தப் பதிலை இல்லாமற் செய்யுமானால் நல்லதே.

ஆனால், அரச அலுவலகத் தமிழை நாம் வாசித்திருக்கிறோம். சில வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்தில் எனக்குத் தமிழ்ப் படிவம் ஒன்று தரப்பட்டது. மூன்று முறை வாசித்தும் ஐந்தாம் இலக்கக் கேள்வி என்ன கேட்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. கடைசியில் சிங்களப் படிவத்தைக் கேட்டு வாங்கி, அதைப் பார்த்துத் தமிழ்ப் படிவத்தை நிரப்பினேன். முப்பது வருடம் தமிழ் கற்பித்தவன் நான். சிங்களம் வாசிக்கத் தெரியாத ஒரு விதவைத் தாய் அந்த இடத்தில் என்ன செய்திருப்பார்? அந்தப் படிவத்தை மொழிபெயர்த்தது இயந்திரமல்ல, மனிதர்தான். சொல்லுக்குச் சொல் வைத்து, சிங்கள வாக்கியத்தின் எலும்புக்கூட்டின்மீது தமிழ்த் தோலைப் போர்த்தியிருந்தார். இத்தகைய ஆவணங்களைப் பாடப்புத்தகமாக வைத்து இயந்திரத்துக்குப் பயிற்சி கொடுத்தால், நமது அலுவலகத் தமிழின் நோய் நிரந்தரமாகிவிடாதா? சோதிக்கும் உரைகற்களும் அதே ஆவணங்களிலிருந்தே வருமானால், நோயுள்ள தமிழுக்கு அதிக புள்ளியும் நல்ல தமிழுக்குக் குறைந்த புள்ளியும் கிடைக்கும். இந்தக் கேள்வியை ஆய்வாளர்களிடம் மட்டும் கேட்பது நியாயமல்ல. அவர்கள் பாவிப்பது நாம் அவர்களுக்குக் கொடுத்த தமிழை.

*

மூன்றாவது கேள்விதான் என்னை இக்கட்டுரை எழுத வைத்தது. வாக்கியத்தின் தரமும் தகவலின் தரமும் ஒன்றா?

இரு ஆய்வுகளும் வாக்கியம் சரியான மொழியில் இருக்கிறதா, சோடியாகப் பொருந்துகிறதா என்று பார்க்கின்றன. ஆபாசமான வரிகளையும் முதலாவது ஆய்வு குறித்துக்கொண்டது. ஆனால், வாக்கியம் உண்மை சொல்கிறதா என்பது அவற்றின் விசாரணைக்கு அப்பாற்பட்டது. பிழையற்ற தமிழில் எழுதப்பட்ட பொய், இவர்களது சல்லடையில் முதற்தர வாக்கியமாகத் தேறிவிடும்.

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் நடந்ததை நாம் மறந்துவிட முடியாது. ஒரு முஸ்லிம் உணவகத்தில் கறியில் கிடந்த ஒரு மாவுக்கட்டியை வைத்து, கருத்தடை மாத்திரை போட்டாயா என்று அங்கிருந்தவரைக் கும்பலொன்று சூழ்ந்துகொண்டு சிங்களத்தில் கேட்டது. சிங்களம் சரளமாக அறியாத அவர், கேள்வி சரியாக விளங்காமலே அச்சத்தில் ஆமென்ற பாங்கில் ஏதோ பதிலளித்துவிட்டார். அந்தப் பதில் ஒளிப்பதிவாகி ஒப்புதல் வாக்குமூலமாக முகநூலில் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாவுதான் என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிக்கையிட்டார். ஒரு மனிதரை நிரந்தரமாக மலடாக்கும் அப்படியொரு மாத்திரை உலகத்தில் கிடையவே கிடையாது. ஆனால், அறிக்கை வந்தபோது காலம் கடந்திருந்தது. மார்ச் மாதத்தில் திகனையும் கண்டி மாவட்டத்தின் பல ஊர்களும் எரிந்தன. அவசரகால நிலை பிரகடனமாயிற்று. சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன.

அந்த வெறுப்புப் பதிவுகள் நல்ல சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தன. அவற்றைப் பற்றி முறையிட்டவர்களுக்கு, விதிகள் மீறப்படவில்லை என்ற பதில் கிடைத்ததாக அப்போது பலர் எடுத்துக்காட்டினார்கள். சிங்களம் வாசிக்கக்கூடிய ஆட்களும் கருவிகளும் அந்த நிறுவனத்திடம் போதுமான அளவில் இருக்கவில்லை. 2020 மே மாதத்தில் பேஸ்புக் நிறுவனம் தனது தளம் துர்ப்பிரயோகிக்கப்பட்டதற்காக மன்னிப்புக் கோரியது. இரண்டு வருடங்கள் கழித்து.

மொழித் தொழில்நுட்பம் என்றால் நமக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் என்னிடம் இல்லை. கும்பலின் கேள்விக்கும் அந்த மனிதரின் பதிலுக்கும் இடையில் ஒரு மொழிபெயர்ப்பு இல்லாமற் போனது. அந்தப் பதிவுக்கும் அதை நீக்க வேண்டியவர்களுக்கும் இடையிலும் ஒரு வாசிப்பு இல்லாமற் போனது. இரண்டு வெற்றிடங்களையும் பொய் நிரப்பிக்கொண்டது. நல்ல வாக்கியச் சோடிகள் முதலாவது வெற்றிடத்தை ஒருவேளை நிரப்பக்கூடும். இரண்டாவதை நிரப்ப, உண்மை எது என்று பார்க்கின்ற மனிதர் வேண்டும்.

*

இன்னும் ஒரு விடயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. இயந்திரம் எழுதியதை மீண்டும் இயந்திரமே படிக்கும் காலம் வந்துவிட்டது. பிரையன் தொம்சனும் சக ஆய்வாளர்களும் 2024இல் வெளியிட்ட ஆய்வு, இணையத்தில் பல மொழிகளில் ஒரே நேரத்தில் காணப்படும் எழுத்தில் பெரும்பகுதி இயந்திர மொழிபெயர்ப்பின் சாயல் கொண்டது என்கிறது. வளம் குறைந்த மொழிகளில் இதன் விகிதம் மிகப் பெரிது. அப்படிப் பெயர்க்கப்படுவதும் தரமான எழுத்தல்ல, விளம்பர வருமானத்துக்காக எழுதப்படும் மலிவான சரக்கு என்பது அவர்களது ஊகம்.

மனிதரும் இதில் குற்றமற்றவர்களல்லர். ஸ்கொட்ஸ் மொழி விக்கிப்பீடியாவின் பல்லாயிரக்கணக்கான கட்டுரைகளை, அந்த மொழியே தெரியாத ஓர் அமெரிக்க இளைஞர் அகராதியைப் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தார் என்பது 2020இல் தெரியவந்தது. பல வருடங்களாக யாரும் கவனிக்கவில்லை.

தமிழ் விக்கிப்பீடியாவின் கதை வேறு. 2003இல் தொடங்கிய அதை ஆரம்பத்தில் தூக்கி நிறுத்தியவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தவரான மயூரநாதன். 2009 அளவில் கூகிள் நிறுவனம் கூலிக்கு அமர்த்திய மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு, தனது கருவியின் துணையுடன் ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழில் இறக்கத் தொடங்கியது. கட்டுரைகள் நீளமாக இருந்தன, எண்ணிக்கை உயர்ந்தது. தமிழ்த் தன்னார்வலர்கள் மகிழ்ந்து கைதட்டிக்கொண்டிருக்கவில்லை. நடையின் இயந்திரத்தன்மையையும் எழுத்துப் பிழைகளையும், தமிழ் வாசகருக்கு எது வேண்டும் என்று கேளாத தலைப்புத் தெரிவையும் சுட்டிக்காட்டி, திருத்தச் சொல்லி நின்றார்கள். 2010இல் போலந்தின் கடான்ஸ்க் நகரில் நடைபெற்ற விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியர் இரவிசங்கர் இதை ஒரு விமர்சனமாகவே முன்வைத்தார். ஸ்கொட்ஸ் மொழிக்கு இல்லாதிருந்ததும் தமிழுக்கு இருந்ததும் ஒன்றுதான்: எழுதியதை வாசித்து, இது சரியில்லை என்று சொல்கின்ற ஆட்கள்.

*

ஆகவே, எனது முடிவு இது. இவ்விரு ஆய்வுகளும் நமக்குப் பயன்படும் நல்ல ஆய்வுகள். அவை விட்டுச்செல்லும் இடைவெளிகளைப் பொறியியலாளர் தனித்து நிரப்ப முடியாது. அது நமது தொழில். ஒரு வாக்கியம் எந்த ஊரின் வாக்கியம், யார் வாயில் வரும், எப்போது பொய்யாகும் என்று பார்ப்பதுதான் இவ்வளவு காலமும் நாம் திறனாய்வு என்ற பெயரில் செய்துவந்தது.

செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்கிறேன். பாமினியில் கிடக்கும் நமது பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருவர் இருந்து மெய்ப்புப் பார்க்க வேண்டும். நமது வட்டார வழக்குச் சொற்களைப் பொருளோடும் எடுத்துக்காட்டு வாக்கியங்களோடும் தொகுக்க வேண்டும். எழுத்தாளரின் சம்மதமின்றி எதையும் எங்கும் கொடுத்துவிடவும் கூடாது. அவர்களுடைய எழுத்து, அவர்களுடைய உரிமை. அலுவலகத் தமிழில் பிழை கண்டால் முணுமுணுத்துவிட்டுப் போகாமல் எழுத்தில் முறையிட வேண்டும். அதற்கென்று அரச கரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது.

என் நண்பரின் மகனுக்கு அந்தப் பத்துப் பக்கங்களையும் திருத்திக் கொடுத்தேன். மூன்று வாரங்கள் பிடித்தன. 'மூத்த சகோதரன்' என்று போடலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம், காக்கா என்றே இருக்கட்டும் என்றேன். முதலாம் பக்கத்தில் ஒருதரம் பொருள் சொல்லிவிட்டால் போதும், பிறகு வாசகனே பழகிக்கொள்வான். மனித வாசகன் அப்படித்தான் எத்தனையோ மொழிகளின் உறவுப் பெயர்களைக் கற்றுக்கொண்டிருக்கிறான். இயந்திரமும் ஒருநாள் கற்றுக்கொள்ளலாம். அதற்கு முதலில் அந்தச் சொல் அது படிக்கும் எழுத்தில் இருக்க வேண்டும்.